மீட்டர் மேடம் அளந்த மதராசி கேம்ப்

"உங்க பொண்ணு காலேஜுக்குப் போனா ஒரு மாசம் தாங்க மாட்டா" என்று என் பன்னிரண்டாம் வகுப்பு டீச்சர் அம்மாவிடம் சொன்னார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்துக்குள் கால் வைத்த முதல் ஆள் நான். நல்ல மார்க்கோடுதான் தேறியிருந்தேன். மார்க்கை விட்டால் வேறு எதை வைத்து அளக்கிறார்கள் என்று எனக்கு ஒரே குழப்பம். அம்மா செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

அந்தக் கோடையில்தான் டெல்லி ஜங்புராவில் நாங்கள் குடியிருந்த மதராசி கேம்ப் குடிசைகளுக்கு மீட்டர் மேடம் வந்தார். உலகத்தில் அளக்க முடியாத பொருளே இல்லை என்று நம்பிய ஒரே மனுஷி அவராகத்தான் இருக்கும். ஆட்டோக்காரர் திட்டினால்கூட, "பையா, இந்தக் கோபம் பத்துக்கு எவ்வளவு?" என்று இந்தியில் கேட்டுக் குறித்துக்கொள்வார். அவருடைய அப்பா மத்திய அரசு அதிகாரி. மேடம் பிறந்து வளர்ந்ததெல்லாம் டெல்லி. அவருடைய தமிழ் நாலு அடி நடந்ததும் இந்தியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் எனக்கு மொழிபெயர்ப்பு வேலை கிடைத்தது.

வளரும் பிள்ளைகள் எவ்வளவு அடிபட்டாலும் எப்படி மீண்டு வருகிறார்கள் என்பது அவருடைய ஆராய்ச்சி. அதற்குப் பெயர் மீள்திறன் என்றார். யாருக்கும் புரியவில்லை. உடனே பையிலிருந்து ஒரு ரப்பர் பந்தை எடுத்தார்.

"தேக்கோ, இங்க பாருங்க, கீழ போட்டா என்ன ஆகும்? ஜல்தி மேல வரும். அதான்."

போட்டார். பந்து ஒரு கல்லில் பட்டுத் துள்ளி, பக்கத்துச் சாக்கடை நாலாவில் விழுந்தது. எல்லாரும் காத்திருந்தோம்.

"மேல வரலியே மேடம்" என்றான் ஒரு பையன்.

முதல் வாரம் பிள்ளைகள் இதைப் பரீட்சை என்று நினைத்தார்கள். "தோல்வி வந்தால் துவண்டுபோவாயா?" என்றால், "மாட்டேன் மேடம்" என்று நெஞ்சை நிமிர்த்தினார்கள். ஒன்பதாம் வகுப்பில் மூன்று முறை தோற்ற என் தம்பி முழு மார்க் வாங்கினான்.

அடுத்த வாரம் கேம்ப்புக்குள் வேறு பேச்சு பரவியது. எங்கள் பகுதிக்கு யாராவது அட்டையும் பேனாவுமாக வந்தால் அது ஒன்று ரேஷன் கார்டுக்கு, இல்லாவிட்டால் குடிசையை எடுத்துவிட்டு மாற்று மனை கொடுப்பதற்கு. ரொம்ப நொந்தவர்களுக்குத்தான் முதல் மனை என்று யாரோ கிளப்பிவிட்டார்கள். அவ்வளவுதான். போன வாரம் இரும்பாக இருந்த பிள்ளைகள் இந்த வாரம் அப்பளமாக நொறுங்கினார்கள். என் தம்பி தேம்பியே காட்டினான்.

மேடம் தாள்களைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார். "மத்லப்... அதாவது, ஒரே வாரத்துல என்ன ஆச்சு? இங்க யாராவது செத்துப்போயிட்டாங்களா?"

நான் விளக்குவதற்குள் என் முறை வந்துவிட்டது. அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொண்டாள். என்னைப் பேசவே விடவில்லை.

"இவளா? எதையும் தாங்க மாட்டா மேடம். கொழம்புல உப்பு கொறஞ்சா அழுவா. பல்லியப் பாத்தா ரெண்டு நாளு ஜொரம்."

"எம்மா, நான் எப்ப அழுதேன்?"

"பாருங்க, இப்பவே அழுவுறா."

எனக்கு மானமே போயிற்று. படித்த பெண் என்று நிமிர்ந்து நடந்த கேம்ப்பில், இருப்பதிலேயே குறைந்த மார்க் எனக்கு.

மேடம் கூட்டி முடித்ததும் அம்மா கேட்டாள்: "எல்லாரையும் விட இவதான கம்மி?"

"ஹாங், ஆமா ஆன்ட்டி, ரொம்பக் கம்மி."

"அப்ப இவளுக்குத்தான மொதல்ல குடுக்கணும்?"

"ஆன்ட்டி, நான் மனை எல்லாம் குடுக்க முடியாது."

"மனைய யாரு கேட்டா? காலேஜு குடுங்க."

மேடம் என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் மனசில் இது இருந்தது எனக்கே தெரியாது.

"இது வெறும் ஆராய்ச்சி ஆன்ட்டி. என்னால எதுவும் குடுக்க முடியாது."

"குடுக்க முடியாதுன்னா எதுக்கு அளந்தீங்க?"

மேடம் தண்ணீர் டப்பா ஒன்றின் மேல் உட்கார்ந்துவிட்டார். போகும்போது என்னிடம் மட்டும், "இந்தக் கேள்விங்க பத்தொன்பது வயசு வரைக்கும்தான். இல்லன்னா உங்க அம்மாவ அளந்திருப்பேன்" என்று வருத்தத்தோடு சொன்னார்.

மறுநாள் காலையில் வந்து நின்றார். சர்டிபிகேட்டுகளை எடுத்துக்கொள்ளச் சொல்லி, கூட்டம் நெரியும் பஸ்ஸில் என்னை ஏற்றினார். கல்லூரி சேர்க்கை வரிசையில் கொளுத்தும் வெயிலில் என்னோடு நின்றார். சும்மா நிற்கவில்லை. முன்னால் நின்ற பையனிடம், "இடம் கிடைக்கலன்னா எத்தனை நாள் சோகமா இருப்பே?" என்று கேட்டு, அவனைப் பாதி அழவைத்துவிட்டார்.

எனக்கு இடம் கிடைத்தது. பி.ஏ. முடித்தேன். அன்றைக்கு எனக்கு விழுந்தது குறைந்த மார்க்கா, அதிக மார்க்கா என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை. அதைத் தெரிந்துகொள்ளத்தான் எம்.ஏ. உளவியலில் சேர்ந்திருக்கிறேன்.

வகுப்பில் யாரையாவது பேட்டி எடுத்து வரச் சொன்னார்கள். போன ஞாயிற்றுக்கிழமை துவாரகாவுக்கு பஸ் ஏறினேன். மீட்டர் மேடம் இப்போது அங்கே ஒரு ஃபிளாட்டில் தனியாக இருக்கிறார். எதிரில் உட்கார்ந்து என் முதல் கேள்வியைக் கேட்டேன்.

"கஷ்டம்னு வந்தா உங்களுக்கு யார் இருக்காங்க மேடம்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அச்சா கேள்வி" என்றார். மறுபடியும் துடைத்தார்.

நான் காத்திருக்கவில்லை. பதில் எழுதும் இடத்தில் என் பெயரை எழுதிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனேன்.