மின்சார முயலும் இரண்டு பிளாஸ்திரியும்

புதன்கிழமை சாயங்காலம் அம்மா சொன்னது இவ்வளவுதான். அப்பா பாதி டீயைத் தன் சட்டையிலேயே ஊற்றிக்கொண்டார்.

"ஞாயித்துக்கிழமை தம்பி டேப் ரெக்கார்டர் கொண்டு வரான். என் 'மின்சார முயல்' கேசட்டைப் போட்டுக் கேக்கப் போறேன்."

'மின்சார முயல்' எண்பதுகளில் வந்த டான்ஸ் பாட்டு ஆல்பம். அட்டையில் குருவிக்கூடு மாதிரி முடி வைத்த இரண்டு பெண்கள், தோளில் கீபோர்டை மாட்டிய ஒரு மீசைக்காரர். அதில் பாடியவர்களே அதை மறந்திருப்பார்கள். அம்மா மறக்கவில்லை. பள்ளிக்கூட நாளில் கதவைச் சாத்திக்கொண்டு எட்டுப் பாட்டுக்கும் ஆடியவள். இன்டர்நெட்டைச் சல்லடை போட்டுச் சலித்தும் ஒரு பாட்டுகூடக் கிடைக்காமல், போன வாரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தாள்.

அப்பா என்னை மாடிப்படிக்கு இழுத்துப் போனார். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரையே மேலே ஏற்றிவிடுவார். வீட்டில் மட்டும் எப்போதும் தரைத்தளம்.

"கண்ணு, நான் ஒரு தப்புப் பண்ணிட்டேன்."

"இப்பவா?"

"கல்யாணமான முதல் மாசம்."

விஷயம் இதுதான். கேசட்டின் விளிம்பில் இரண்டு சின்னப் பற்கள் இருக்கும். உடைத்துவிட்டால் அதன்மேல் யாரும் வேறெதையும் பதிய முடியாது. அம்மா பல் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தது பிற்பாடுதான். கேசட்டின் பல்லை அந்தக் காலத்திலேயே பிடுங்கிவிட்டாள். அப்பா அந்த இரண்டு பள்ளத்திலும், காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்திரியை ஒட்டி, இரண்டு பக்கமும் பதிந்து தள்ளியிருக்கிறார்.

"என்னப்பா பதிஞ்சீங்க?"

"கண்டிப்பா பேசிப் பழகினேன்."

"யார்கிட்ட?"

"வேற யாரு, உங்கம்மாகிட்டதான்! முதல் மாசமே கெத்தா நின்னுடுன்னு கூட வேலை பாக்கறவங்க ஏத்திவிட்டாங்க. மறுவாரம் டேப் ரெக்கார்டர் கெட்டுப்போச்சு. தப்பிச்சேன்."

"அப்புறம் நேர்ல பேசினீங்களா?"

"எங்க பேச விட்டா!"

வேறு பிரதி தேடி வேட்டை தொடங்கியது. கடை கடையாக நான் போன் போட்டேன். அம்மா காதுக்கு எட்டாமலிருக்க, ஒரு கடைக்கு இருமல் தாத்தா குரலில், ஒரு கடைக்கு மூக்கால் பேசும் பேராசிரியை குரலில். எல்லாரும் கையை விரித்தார்கள். சனிக்கிழமை மத்தியானம், பழைய கேசட்டுகளை அலமாரி நிறைய அடுக்கி வைத்திருந்த ஒரு முடிதிருத்துபவரிடம் முயல் மாட்டியது.

"தரேன் சார். ஆனா நல்ல ரசிகர் கைக்குத்தான் போகணும். மூணாவது பாட்டுக்கு ஆடிக் காட்டுங்க."

முடி வெட்டிக்கொள்ள உட்கார்ந்திருந்த அப்பா, கழுத்தில் வெள்ளைத் துணியோடு எழுந்து ஆடினார். இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுபோன லிஃப்ட் மாதிரி இருந்தது. பாதி முடி வெட்டிய நிலையில் ஒருவர் எழுந்து கை தட்டினார். கேசட் கைக்கு வந்தது.

அன்று மாலையே அறுவை சிகிச்சை. பழைய லேபிளைப் பெயர்த்துப் புதியதில் ஒட்டினார். ஸ்க்ரூடிரைவரால் பல்லை உடைத்தார். பழைய கேசட்டை டூல் பாக்ஸின் அடியில் புதைத்தார்.

"போலீஸ் நாயே வந்தாலும் மோந்து பாத்துட்டுப் போயிடும்!"

ஞாயிற்றுக்கிழமை மாமா வந்தார். கேசட் சுழன்றது. டிங் டிங் என்று கீபோர்டு துள்ள, அம்மா சோபாவைத் தள்ளிவிட்டு ஆடினாள். சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள். அப்பா நெஞ்சை நிமிர்த்தினார். "பாத்தியா? பொருளை எவ்வளவு பத்திரமா வெச்சிருக்கோம்!"

எட்டாவது பாட்டு முடிந்தது. அம்மா கேசட்டை வெளியே எடுத்து விளிம்பில் விரலை ஓட்டினாள்.

"பிளாஸ்திரி எங்கங்க?"

"எ... எந்தப் பிளாஸ்திரி?"

"நீங்க ஒட்டினது. ரெண்டு."

அப்பா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"உனக்கு... எப்படி?"

"டேப் ரெக்கார்டர் கெடறதுக்கு முந்தின நாளே கேட்டுட்டேன். பாட்டெல்லாம் போச்சேன்னு அழுதேன். மிச்சத்தைக் கேட்டுச் சிரிச்சேன்."

"அப்ப இந்த வாரம் எதுக்கு...?"

"எத்தனை வருஷமா தேடறேன்! எனக்குக் கிடைக்கல. நீங்க பயந்துபோய்த் தேடினா நாலு நாள்ல கொண்டு வந்துடுவீங்கன்னு தோணிச்சு. அதான் தம்பியை வரச் சொன்னேன்."

"மன்னிச்சுக்குங்க அத்தான்," என்றார் மாமா, சிரிப்பை அடக்க முடியாமல்.

"போகுது, முயல் வந்துடுச்சு. நீங்க போய் டம்ளரெல்லாம் கழுவிடுங்க. டேய் தம்பி, டூல் பாக்ஸ் அடியில பழசு இருக்கும், எடு."

மாமா அதைப் போட்டார். இருபது வருஷத்துக்கு முந்தைய அப்பா ஹாலையே அதிர வைத்தார்:

"இதோ பாரு! இந்த வீட்டுல இனிமே நான் சொல்றதுதான் சட்டம்! எதுக்கும் யாரையும் கேக்க மாட்டேன்!"

அடுப்படியில் குழாய்ச் சத்தம் நின்றது. முழங்கை வரை சோப்பு நுரையோடு அப்பா எட்டிப் பார்த்தார்.

"சத்தத்தைக் கொஞ்சம் குறைச்சுக்கலாமாம்மா... உனக்குச் சரின்னா?"