விசிட்டர் வேறு, கெஸ்ட் வேறு

அந்த வருஷம் சாரல் விழ ஆரம்பித்த அன்றே நான் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். சீசன் முடிகிற வரை சொந்தக்காரன் ஒருத்தனும் என் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

காரணம் உண்டு. ஆவுடையப்பனாகிய நான் தென்காசியில் ஒரு சர்க்கார் ஆபீஸ் குமாஸ்தா. ஆடி மாதம் இலாகா பரீட்சை. இங்கிலீஷ் பேப்பரில் ஏற்கெனவே இரண்டு தடவை கவிழ்ந்தவன். குற்றாலத்தில் தண்ணீர் விழுவதும் அதே ஆடியில்தான். அங்கே தண்ணீர் விழுந்தால் என் வீட்டில் ஆள் விழும். போன வருஷம் படிக்க இடமில்லாமல் விறகுப்புரைக்குள் போனேன். அங்கேயும் ஒரு சித்தப்பா குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

வாசலில் போர்டு மாட்டுவது என்று தீர்மானித்தேன். தமிழில் எழுதினால் சண்டை வரும். இங்கிலீஷில் எழுதினால் சட்டம் மாதிரி இருக்கும். 'நோ விசிட்டர்ஸ்' என்று கொட்டை எழுத்தில் எழுதி மாட்டினேன்.

என் மனைவி சண்முகசுந்தரி ஈரக்கையோடு வந்து நின்றாள்.

“என்ன எழுதியிருக்கிய?”

“நோ விசிட்டர்ஸ்.”

“விசிறி வேண்டாமா? இந்தச் சாரல்ல விசிறி எதுக்கு?”

“விசிறி இல்ல, விசிட்டர்! வீட்டுக்கு வாரவன்.”

“அப்ப விருந்தாளியா?”

நாலு இங்கிலீஷ் புத்தகம் புரட்டிய திமிர். சும்மா இருக்க முடியவில்லை.

“அங்கனதான் எல்லாரும் தப்பு பண்ணுதாவ. விசிட்டர் வேற, கெஸ்ட் வேற. விசிட்டர் வருவான், ரெண்டு வார்த்த பேசுவான், போயிருவான். கெஸ்ட்டு தங்குவான், திம்பான், தூங்குவான்.”

“போன வருஷம் விறகுப்புரையில கெடந்தாவளே, அவுக?”

“சந்தேகமென்ன? சுத்தமான கெஸ்ட்டு!”

“நல்லாத்தான் படிச்சிருக்கிய” என்று சொல்லி, இன்னொரு டம்ளர் காப்பி கொடுத்தாள். கேட்காமல் வந்த காப்பி. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

போர்டுக்கு உடனே பலன் கிடைத்தது. எனக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க மறுநாள் சாயங்காலம் வந்த எங்கள் ஹெட்கிளார்க் அதைப் படித்துவிட்டு, குடையை விரித்துக்கொண்டு அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

அதற்கடுத்த நாள் குதிரைவண்டி ஒன்று வந்து நின்றது. கோவில்பட்டியிலிருந்து என் மைத்துனர் பிச்சுமணி, அவர் சம்சாரம், ஐந்து பிள்ளைகள், மலைமலையாய்ப் படுக்கைச் சுருள்கள். பிச்சுமணி போர்டைப் படித்தார். முகம் சுருங்கியது. வண்டிக்காரனை நிற்கச் சொன்னார்.

உள்ளேயிருந்து சுந்தரி ஓடி வந்தாள்.

“யண்ணே, அது விசிட்டருக்குல்லா போட்டிருக்கு! நீங்க கெஸ்ட்டு. உள்ள வாங்க. விசிட்டர் வேற, கெஸ்ட்டு வேறன்னு ஒங்க மாப்பிள்ளதான் எனக்கு வெளக்கமாச் சொன்னாவ.”

பிச்சுமணி என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். “வந்து போறவனுக்குத்தான் தடை, நாங்க வீட்டோட இருக்கலாம்னு ஊருக்கே எழுதிப் போட்டிருக்கியளே மாப்பிள்ள!” அவருக்குக் கண் கலங்கியிருந்தது.

நான் சுந்தரியை அடுக்களைக்குள் இழுத்துப் போனேன்.

“ஏட்டி, இது நியாயமா?”

அவள் குரல் தாழ்ந்தது. “ஆத்தா போன பொறவு என்னை வளத்தது அண்ணன்தான். வருசத்துக்கு ஒருக்க வருதாவ. வாசல்ல நிக்கவுகளப் போங்கன்னு சொல்ல எனக்கு எப்படி வாய் வரும்?”

அவள் சொன்னது எனக்கும் நியாயமாகத்தான் பட்டது. ஆனாலும் ஆண்பிள்ளை அல்லவா?

“சரி. அவுக கெஸ்ட்டு. அப்ப இந்த வீட்டுல நான் யாரு?”

“அத நீங்கதான சொல்லணும். விருந்து வந்த வீட்டுக்காரருக்கு இங்கிலீசுல என்ன பேரு?”

“ஹோஸ்ட்” என்றேன், கொஞ்சம் நிமிர்ந்து.

“அவரு என்ன செய்வாரு?”

“வந்தவுகளக் கூடவே இருந்து கவனிப்பாரு.” வாய் முந்திக்கொண்டது.

மறுநாள் காலை பஸ்ஸை விட்டு இறங்கி, ஐந்தருவிக்குப் போகிற பாதையில் எல்லோரும் கைவீசி நடந்தார்கள். தேய்த்துக் குளிக்கிற எண்ணெய்ச் சட்டியையும் இட்லித் தூக்குவாளியையும் சுமந்துகொண்டு ஹோஸ்ட் பின்னால் போனார்.