அக்னி மூலைக்கு ஒரு ஸ்மோக்கர்

போன சனிக்கிழமை எனக்கு இருந்தது ஒரே ஒரு வேலை. கடைக்குப் போகணும், ஸ்மோக்கர் வாங்கணும், வீட்டுக்கு வரணும்.

ஸ்மோக்கர்னா என்னன்னு தெரியாதவங்களுக்குச் சொல்லிடறேன். படுக்க வெச்ச டிரம் மாதிரி ஒரு இரும்பு உருளை. அதோட ஒரு பக்கத்துல சின்னதா ஒரு பெட்டி ஒட்டியிருக்கும். பெட்டியில விறகு எரியும், உருளைக்குள்ள கறி இருக்கும். புகையும் சூடும் கறியைத் தடவிட்டு, மறுபக்கத்துக் குழாய் வழியா வெளிய போயிடும். நெருப்பு கறியைத் தொடவே தொடாது. விடியக்காலை பத்த வெச்சா மதியம் சாப்பாடு.

இது எனக்கு எதுக்கு? எல்லாம் கிரெக்கால வந்தது.

கிரெக், ஆஸ்திரேலியாவுல, மெரிலேண்ட்ஸ்ல எங்க பக்கத்து வீட்டுக்காரர். கோடை வந்தா கூப்பிட்டு பார்பெக்யூ போடுவார். நானும் வருஷா வருஷம் கூச்சமே இல்லாமப் போய்த் தின்னுட்டு வர்றேன். ஒரு தடவைகூட திருப்பிக் கூப்பிட்டதில்ல. என் பொண்டாட்டி ஹேமாவுக்கு இது மானப் பிரச்சினை.

"ஒருத்தர் வீட்ல இத்தனை தடவை கை நனைச்சிட்டு, நாம ஒரு வாய் போடலன்னா என்னங்க நினைப்பாங்க?"

சரின்னு வேலிக்கு மேல தலையை நீட்டினேன். அங்கதான் வாய் நீண்டுடுச்சு.

"கிரெக், அடுத்த ஞாயிறு மதியம் நம்ம வீட்ல சாப்பாடு. தெருவுல எல்லாரையும் கூட்டிட்டு வாங்க. விறகுப் புகையில வெந்த ஆட்டுத் தொடை!"

கிரெக் கண்ணு விரிஞ்சுது. அவருக்கு நண்பர்னா எல்லாருமே 'மேட்'தான். "ஸ்மோக்கர் வெச்சிருக்கியா மேட்?"

"வெச்சிருக்கேனாவா!"ன்னு சிரிச்சேன். அது பதிலே இல்லன்னு அவருக்குத் தெரியல.

அன்னிக்கு ராத்திரியிலேர்ந்து வீடியோ வீடியோவா பாத்தேன். ஒரு வாரத்துல நான் நிபுணன் ஆயிட்டேன்! இரும்பு கனமா இருக்கணும். மூடி நல்லா பொருந்தணும். புகை ஒழுகவே கூடாது. விரலை மடக்கித் தட்டினா டப்பா மாதிரி "டங்"னு கேக்கக் கூடாது, "தொம்"னு கேக்கணும். தூக்கத்துல நான் "தொம், தொம்"னு முனகினதா ஹேமா சொல்றா.

கடையில டேவ்னு ஒரு தாடிக்காரர் இருந்தார். நான் ஒவ்வொரு ஸ்மோக்கரா தட்டிக்கிட்டே போறதைப் பாத்துட்டு, "விஷயம் தெரிஞ்ச ஆளு"ன்னார். எனக்கு உச்சி குளிர்ந்துது. அவரே ஒண்ணைக் காட்டினார். தட்டினேன். தொம்! மூடியைத் தூக்கிப் போட்டேன். புது குக்கர் மூடி மாதிரி கப்புனு உக்காந்துது.

"இதான். இதையே எடுத்துக்கறேன்."

அப்பதான் கூட வந்திருந்த ஹேமா வாயைத் தொறந்தா. "ஒரு நிமிஷம். அப்பாகிட்ட காட்டிடுவோம்."

"எதுக்கு? அவரா சாப்பிடப் போறார்?"

"அடுப்புங்க இது. அடுப்புன்னா அக்னி. கேக்காம வாங்கினா கோச்சுப்பார்."

என் மாமனார் ஸ்ரீரங்கத்துல இருக்கார். மின்வாரியத்துல இன்ஜினியரா இருந்து ஓய்வு பெற்றவர். கரண்டை விட்டதும் வாஸ்துவைப் பிடிச்சுக்கிட்டார். அவர் சொல்லிச் சொல்லியே எங்க கட்டில் வீட்ல இருக்கற எல்லாச் சுவரையும் முட்டிப் பாத்துடுச்சு.

வீடியோ கால்ல வந்தார். அங்க அப்பதான் விடிஞ்சிருந்துது, கையில காபி.

"நெருப்பு எந்தப் பக்கம் மாப்பிள்ளை?"

"வலது பக்கம் மாமா."

"சமைக்கிறவர் கிழக்கு பாத்து நிக்கணும். அப்ப வலது கை தெற்கு. அடுப்பைத் தென்கிழக்கு மூலையில வெச்சிடுங்க. அதான் அக்னி மூலை. பேஷா பொருந்துது, வாங்கிடுங்க!"

நான் கார்டை எடுத்துட்டேன். டேவ் மெஷினை நீட்டிட்டார். இன்னும் ஒரு விநாடிதான்.

"ஆனா அப்பா, இங்க சூரியன் வடக்குப் பக்கமா இல்ல போகும்?"

ஹேமா ஹைஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர். சயின்ஸ் டீச்சரைக் கட்டிக்கிட்டா வாஸ்து செத்துப் போகாது, இன்னும் கஷ்டமாத்தான் ஆகும்.

மாமா அசையவே இல்ல. நெட் போச்சுன்னு நினைச்சு சந்தோஷப்பட்டேன். இல்ல, யோசிச்சிருக்கார்.

"கரெக்டும்மா! அங்க எல்லாம் தலைகீழ். அப்ப அக்னி மூலை வடகிழக்கு. நெருப்பு இடது பக்கம் வரணும்."

"மாமா, இவங்க செய்யறதே வலது பக்கம்தான்…"

"அப்ப திருப்பி வெச்சு, மேற்கு பாத்து நின்னு சமைக்கப் போறீங்களா?" அவர் கேட்ட தொனியில நான் ஏதோ கொலை பண்ணத் திட்டம் போட்ட மாதிரி ஆயிடுச்சு.

டேவ் மெதுவா கேட்டார். "என்ன சொல்றார்?"

வாஸ்துவை ஒரு தாடிக்கார ஆஸ்திரேலியருக்கு இங்கிலீஷ்ல விளக்கற தெம்பு எனக்கு இல்ல. "என் மாமனார். இன்ஜினியர். நெருப்பு இடது பக்கம் இருந்தாத்தான் நல்லதுன்னு சொல்றார்."

"ஓ, இடது கைக்காரரா?"

"ஆமா"ன்னேன்.

டேவ் மரியாதையா தலையாட்டிட்டு எங்களைக் கடைக்குப் பின்னாடி கூட்டிட்டுப் போனார். அங்க ஒரு ஓரமா, தூசி படிஞ்சு, இடது பக்கம் பெட்டி வெச்ச ஸ்மோக்கர் ஒண்ணு நின்னுது. தட்டினேன். டங்! மூடியைப் போட்டேன். ஒரு பக்கம் உக்காந்துது, இன்னொரு பக்கம் எழுந்துது.

"மேட், இதை நான் யாருக்கும் விக்க மாட்டேன். புகை எல்லாப் பக்கமும் ஒழுகும்"னார் டேவ்.

"இதையே எடுத்துக்கறேன்"னேன்.

ஒரு வாரமா படிச்ச படிப்பு மொத்தமும் அந்த இடத்துல செத்துச்சு. டேவ் என் முகத்தைப் பாக்காம பில் போட்டார். கிளம்பறப்ப மட்டும், "மொத தடவை சமைக்கறதுக்கு முன்னாடி உள்ள பூரா லேசா எண்ணெய் தடவி, சும்மா எரிய விடுங்க. கறி அதுக்கப்புறம்தான்"னு சொன்னார்.

சாயங்காலமே பாகங்களைப் பூட்டி முடிச்சு, வடகிழக்கு மூலையில நிறுத்தியாச்சு. வடகிழக்கு மூலைன்னா சரியா கிரெக் வீட்டு வேலி. வேலிக்கு அந்தப் பக்கம் அவங்க துணி காயப் போடற கொடி. அதை நான் பாத்தேன். பாத்தும் ஒண்ணும் தோணல.

"இப்பவே எரிச்சுடட்டுமா?"

"சனிக்கிழமை புது அடுப்பு பத்த வெக்கறதா! அப்பா ஞாயிறு காலைலதான் நல்ல நேரம்னார்."

ஞாயிறு விடிஞ்சுது. குழாய்க்கு மஞ்சள் குங்குமம் வெச்சாச்சு. மூடிக்கு சாமந்திப்பூ. உள்ள தடவ ஹேமா நல்லெண்ணெயைக் கொண்டு வந்தா. லேசா தடவச் சொன்னது ஞாபகம் இருந்துது. ஆனா நல்ல காரியத்துல கஞ்சத்தனம் வேணாம்னு பாட்டிலைக் கவுத்துட்டேன்.

விறகைப் பத்த வெச்சேன். கொஞ்ச நேரம் சும்மா எரிய விட்டுட்டு, மசாலா தடவின ஆட்டுத் தொடைங்களைத் தட்டோட தூக்கிட்டு வந்தேன். ஹேமா குறுக்க நின்னா. அவ கையில பெரிய பால் பாத்திரம்.

"புது அடுப்புல மொதல்ல பால் பொங்கணும். அப்புறம்தான் மத்தது."

"ஹேமா, இது அந்த மாதிரி அடுப்பு இல்ல! மெதுவா, புழுங்க வெக்கறது. இதுல பால் பொங்காது."

"பாலை வெச்சா பொங்கும். நான் சயின்ஸ் டீச்சர்."

பாலை உள்ள வெச்சோம். காத்திருந்தோம். மூடி இடுக்குல புகை ஒழுகுது. பெட்டி இடுக்குல ஒழுகுது. எங்க இடுக்கு இருக்குன்னே தெரியாத இடத்துலயும் ஒழுகுது. பால் மட்டும் தியானத்துல இருந்துது.

நேரம் போயிக்கிட்டே இருக்கு. ஆட்டுத் தொடைங்க தட்டுல கிடந்து என்னையே பாக்குது. தெருவே வரப் போகுது! இத்தனை வருஷம் தின்ன கடனுக்கு பச்சைக் கறியையா போடறது?

"இன்னும் ரெண்டு விறகு போடுங்க"ன்னா ஹேமா. போட்டேன். அசையல. இன்னும் போட்டேன். அட்டைப்பெட்டியைக் கிழிச்சுப் போட்டேன். கடைசியில இருந்த விறகு மொத்தத்தையும் திணிச்சு விசிறினேன்.

பொங்குச்சு.

"பொங்கலோ பொங்கல்!"னு ஹேமா கை தட்டினா. நானும் தட்டினேன். பொங்கின பால் கீழ தேங்கியிருந்த நல்லெண்ணெயில போய் விழுந்துது பாருங்க, அதோட எனக்குத் தோட்டம் தெரியல. வேலி தெரியல. பக்கத்துல நின்ன ஹேமாவே தெரியல. மூடி இடுக்குல நெருப்பு மட்டும் நாக்கை நீட்டிச்சு.

வேலிக்கு அந்தப் பக்கம் கிரெக் கத்தினார். "மேட்! நில்லு! நான் வர்றேன்!"

வந்தது அவர் இல்ல, தண்ணி. ஹோஸ் பைப்பை வேலிக்கு மேல தூக்கிப் பிடிச்சு, ஸ்மோக்கர், பெட்டி, சாமந்திப்பூ, நான்னு பாகுபாடில்லாம அடிச்சார்.

புகை கலைஞ்சப்ப வேலிக்கு மேல கிரெக் முகம். அதுக்குப் பின்னாடி கொடியில அவர் சம்சாரம் காயப் போட்ட வெள்ளைப் படுக்கை விரிப்புங்க. இப்ப வெள்ளை இல்ல.

எனக்கு நிஜமாவே அழுகை வந்துடுச்சு. அந்த நேரம் பாத்து போன் அடிச்சுது. மாமா.

"மாப்பிள்ளை, ராத்திரி பூரா யோசிச்சேன். சூரியன் எந்தப் பக்கமா போனா என்ன, உதிக்கிறது கிழக்குலதானே? மொதல்ல சொன்னதே சரி. வலது பக்கம் பெட்டி இருக்கறதா மாத்திட்டு வந்துடுங்க."

போனை ஹேமாகிட்ட குடுத்தேன். முகத்துலேர்ந்து சொட்டற தண்ணியோட பேசினா போன் கெட்டுடும் இல்லையா.

போனை வெச்சுட்டு ஹேமா நேரா சமையலறைக்குப் போனா. ஆட்டுத் தொடைங்களை வெட்டி, ரெண்டு குக்கர்ல ஏத்தினா. மூடிக்குள்ள பாத்திரத்துல மிஞ்சின பாலை வீணாக்க மனசு வராம சேமியா போட்டுப் பாயசம் வெச்சா. நான் கிரெக் வீட்டு விரிப்புங்களை வாங்கிட்டு வந்து எங்க வாஷிங் மெஷின்ல போட்டேன். கிரெக் சம்சாரம் சிரிச்சுக்கிட்டேதான் குடுத்தாங்க. அதுதான் இன்னும் கூச்சமா இருந்துது.

மதியம் தெருவே வந்துடுச்சு. குக்கர்ல வெந்த மட்டன் குழம்பை சாதத்தோட பரிமாறினோம். யாரும் "எங்க ஸ்மோக்கர்?"னு கேக்கல. கிரெக் ஏற்கனவே எல்லார்கிட்டயும் நடிச்சுக் காட்டியிருக்கார்!

கடைசியா பாயசம். கிரெக் ஒரு வாய் வெச்சார். நிறுத்தினார். அவ்ளோதான், அதுவும் போச்சுன்னு நினைச்சேன்.

"மேட்… இதுல விறகுப் புகை வாசம் வருது."

"அது வந்து கிரெக்…"

"நாங்க கறிக்குத்தான் புகை போடுவோம். நீங்க பாலுக்கே போடுறீங்களா? பிரமாதம்!"

தெருவே ரெண்டாவது கிண்ணம் கேட்டுது. கிரெக் சம்சாரம் செய்முறை கேட்டாங்க. "ரொம்பப் பழைய முறை"ன்னு ஹேமா கண்ணைக்கூட சிமிட்டாமச் சொன்னா.

கிளம்பறப்ப கிரெக் என் தோள்ல கையைப் போட்டார். "நானும் ஒரு ஸ்மோக்கர் வாங்கலாம்னு இருக்கேன். கடைக்குப் போனா மொதல்ல எதைப் பாக்கணும்?"

"மொதல்ல, போன்ல சார்ஜ் இல்லாமப் பாத்துக்கங்க"ன்னேன்.