மூவாயிரம் கல்யாணப் படங்களும் மாப்பிள்ளை தந்த லேப்டாப்பும்

அன்பும் மரியாதையும் நிறைந்த மாப்பிள்ளை விஷ்வா அவர்களுக்கு,

காரைக்குடியிலிருந்து மாமனார் முத்துராமலிங்கம் எழுதிக்கொள்வது. இங்கே நானும் உங்கள் அத்தை நாகவல்லியும் சுகம். அங்கே நீங்களும் தீபலட்சுமியும் சுகமாக இருக்க வேண்டும். போனில் சொல்லலாம்தான், என் மகள் பாதியில் போனைப் பிடுங்கி என்னைத் திட்டுவாள் என்பதால் எழுதுகிறேன்.

விஷயம், நீங்கள் நம் ஸ்டூடியோவுக்கு ஆசையாக வாங்கித் தந்த லேப்டாப்பைப் பற்றியது. கோபப்படக் கூடாது. "மூவாயிரம் படம்னாலும் ஒரு மணி நேரத்துல எக்ஸ்போர்ட் ஆயிரும் மாமா" என்றீர்கள். நானும் நம்பி, ஊரெல்லாம் பெருமையடித்துவிட்டேன்.

போன வாரம் நாட்டரசன்கோட்டையில் ஒரு கல்யாணம் எடுத்தோம். மணமகன் மருதுபாண்டி ராணுவத்தில் இருக்கிறான். திடீரென்று லீவு ரத்தாகி, செவ்வாய்க்கிழமை பகல் இரண்டு மணி ரயிலில் கிளம்பும்படி ஆகிவிட்டது. அன்று காலை பத்து மணிக்குப் புதுப்பெண் காளீஸ்வரியோடு வந்து நின்றான். "அண்ணே, ஆல்பம் மெதுவா வரட்டும். படத்தை மட்டும் பென்டிரைவுல போட்டுத் தாங்க. அங்குட்டு எனக்கு நெட்டே கிடைக்காது" என்றான். அந்தப் பெண் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். கல்யாணமாகி ஆறே நாள். முடியாது என்று எந்த வாயால் சொல்வது?

மொத்தம் மூவாயிரத்து நூற்று நாற்பது படங்கள். உங்கள் அத்தை கலர் எல்லாம் திருத்தி வைத்திருந்தாள், திருத்தியதைப் படங்களாக வெளியே எடுக்கும் எக்ஸ்போர்ட்தான் பாக்கி. "பாதியை என் பழைய கம்ப்யூட்டர் பெட்டில போடுங்க, பாதியை மாப்பிள்ளை குடுத்ததுல போடுங்க. எது முந்துதுன்னு பாத்துருவோம்" என்றாள். போட்டோம். பழைய பெட்டி மாவு மில் மாதிரி இரைந்தது. உங்களுடையது மூச்சே விடவில்லை, எனக்கு அதுதான் பயம், தொட்டுப் பார்த்தால் சூடு வேறு, உடனே வயரைக் கழற்றி அதைத் தூக்கிக்கொண்டுபோய்க் குளிர்ந்த தரைக்கல்லில் வைத்து, டேபிள் ஃபேனைத் திருப்பி, நானும் பக்கத்தில் குப்புறப் படுத்துக் காவல் இருந்தேன். "பச்சப்புள்ளைக்கு விசிறுற மாதிரில்ல இருக்கீக!" என்று உங்கள் அத்தை சிரித்தாள்.

புதுமணத் தம்பதி முன்னறை பெஞ்சில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்திருந்தார்கள். நான் எட்டிப் பார்க்கும்போதெல்லாம் இடைவெளி குறைந்துகொண்டே வந்தது.

"கத்திரிக்கா பிடிக்காதா? எங்கம்மா ஆறு நாளா அதையில்ல ஆக்கிப் போட்டாக!" இது அந்தப் பெண்.

"அத்தை மனசு நோகுமேன்னு தின்னேன்" என்கிறான் ராணுவவீரன்.

பன்னிரண்டு மணிக்குப் பழைய பெட்டி தன் பாதியை முடித்துவிட்டது. உங்களுடையது அறுநூற்று நாற்பதில் நிற்கிறது! மிச்சத்தையும் பழையதிலேயே போட்டேன். "இன்னும் ஒரு மணி நேரம் ஆகும்ப்பா" என்று கூசிக்கொண்டே சொன்னேன்.

"ஆகட்டும்ணே" என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

ஒன்றே காலுக்கு பென்டிரைவைக் கையில் கொடுத்து, ஆட்டோ பிடித்து ரயிலடிக்கு அனுப்பினோம்.

ஆகவே மாப்பிள்ளை, உங்கள் அன்பில் ஒரு குறையும் இல்லை, குறை இயந்திரத்தில்தான். அடுத்த வாரம் திருப்பி அனுப்புகிறேன். நீங்கள் இருவரும் படம் பார்க்க வைத்துக்கொள்ளுங்கள்.

வேலை வேலை என்று ஓடினாலும் தினமும் ஒருவேளையாவது சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு, நூறு வயது நிறைவாக வாழ வேண்டும் என்று ஆசீர்வதிக்கும்,
முத்துராமலிங்கம்

பி.கு.: கடிதத்தை ஒட்டப்போகும் நேரத்தில் ரயிலிலிருந்து மருதுபாண்டி பேசினான். "அண்ணே, பென்டிரைவை போன்ல மாட்டிப் பாத்தேன். கொஞ்சப் படத்துல மூக்குத்திக் கல்லுகூடத் தெரியுது. மிச்சத்தைப் பெருசாக்குனா அவ மூஞ்சி கட்டம் கட்டமா வருதுண்ணே." உங்கள் அத்தை ஓடிப்போய்ப் பார்த்தாள். பழைய பெட்டி அத்தனையையும் வாட்ஸ்அப்புக்கு அனுப்பும் சின்ன அளவில் தள்ளியிருக்கிறது! உங்களுடையதுதான் முழு அளவில் எடுத்திருக்கிறது, அதுவும் நான் வயரைப் பிடுங்கியதால் பேட்டரியில் திணறிக்கொண்டு. இப்போது கரண்டில் மாட்டி, மிச்சம் இரண்டாயிரத்து ஐந்நூறையும் போட்டோம். ஐம்பது நிமிடம். லேப்டாப்பைத் தர மாட்டேன், கேட்காதீர்கள். திரும்ப அனுப்புவதாக எழுதியதை அடிக்கப் போனேன். "எதுக்கு அடிக்கிறீக? மாப்பிள்ளையும் சிரிக்கட்டும்" என்று உங்கள் அத்தை தடுத்துவிட்டாள். மருதுபாண்டியிடம், நல்ல படங்களைக் கூரியரில் அனுப்பட்டுமா என்று கேட்டேன். "வேணாம்ணே, காளீஸ்வரிகிட்ட குடுங்க. அடுத்த மாசம் குடும்பத்தோட தங்க குவார்ட்டர்ஸ் கிடைக்குது, அவளே கொண்டு வந்துருவா. உங்க கடை பெஞ்சுலதான் பேசி முடிச்சோம்" என்றான்.