டொக் டொக் சார் போட்ட மார்க்

உலகத்தில் எதையும் தட்டிப் பார்த்தே எடைபோட்டுவிடலாம் என்று நம்பிய மனிதர், சூளகிரிப் பக்கத்தில் எங்கள் கல்லூரி விடுதியில் இருந்த டொக் டொக் சார் ஒருவர்தான். தர்பூசணியைச் சொல்லவில்லை. மாணவர்களின் தன்னம்பிக்கையைச் சொல்கிறேன்!

ஓசூரில் இரும்பு வார்ப்படக் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தவர். வார்த்த இரும்பைச் சுத்தியலால் தட்டுவார். கணீரென்றால் நல்ல சரக்கு. மந்தமாக ஒலித்தால் உள்ளே விரிசல். அந்த வேலையை உதறிவிட்டு, மாணவர்களின் ஊக்கத்தையும் தன்னம்பிக்கையையும் அளந்து முனைவர் பட்டம் வாங்க வந்திருந்தார். பட்டம் கிடைக்காவிட்டால் திரும்பிப் போகக் கம்பெனியும் இல்லை.

விடுதி வாட்ஸப் குரூப்பில், எங்கள் தன்னம்பிக்கைக்கு நாங்களே ஐந்துக்கு மார்க் போட்டுக்கொள்ளும் கேள்விகளை அனுப்பினார். நாங்கள் படிக்காமலே எல்லாவற்றுக்கும் ஐந்துக்கு ஐந்து அழுத்திவிட்டுச் சாப்பிடப் போனோம்.

"போன்ல எல்லாருமே சிங்கம்டா. கதவத் தட்டுறப்போ தெரிஞ்சிடும்!" என்றார் சார்.

அன்றிலிருந்து அவர் அறைக் கதவைத் தட்டினால், முதலில் உள்ளேயிருந்து மார்க்தான் வரும். எனக்கு எப்போதும், "ஒண்ணு! யாரு, பூனையா?" என் அறைத் தோழன் மஞ்சுநாத் தட்டியதில் தாழ்ப்பாளே கழன்றது, அவனுக்கு ஐந்து. அந்த மஞ்சுநாத் வேலை இன்டர்வியூவில் தன் பெயரையே மறந்துவிட்டு வந்தான். ஒரு மார்க் பூனையான எனக்கு வேலை கிடைத்தது. சார் அசரவில்லை.

"என் கணக்குல தப்பில்ல. உங்க ரெண்டு பேர்கிட்டதான் கோளாறு."

நல்லவேளை, கதவு விவகாரத்தை ஆய்வேட்டில் சேர்க்க அவருடைய கைடு விடவில்லை.

கடைசியில் சாரின் வாய்மொழித் தேர்வு வந்தது. துணைக்கு நானும் மஞ்சுநாத்தும் போனோம். வெளியூர்ப் பேராசிரியர்கள் உள்ளே உட்கார்ந்திருந்தார்கள். இஸ்திரி போட்ட சட்டையோடு சார் கதவின் முன் கையைத் தூக்கினார். இறக்கினார். மறுபடி தூக்கினார்.

"என்னா சார் ஆச்சு?" என்றேன்.

"தட்டுனா தெரிஞ்சிடும்டா," என்றார் மெல்ல. "உள்ள விரிசலு."

மஞ்சுநாத்துக்குப் பதறினால் கன்னடம்தான் வரும். "ஹோகி சார், ஹோகி!" என்று, போகச் சொல்லிப் பின்னாலிருந்து தள்ளினான். சார் நகரவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அவர் தோளுக்கு மேலாகக் கையை நீட்டி நானே தட்டினேன். அவ்வளவு பலமாக அதுவரை எந்தக் கதவையும் தட்டியதில்லை.

"உள்ள வாங்க!" என்றது குரல்.

சார் ஆய்வேட்டை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனார். போகிற போக்கில் என் பக்கம் திரும்பி, "நாலரை" என்றார்.

டாக்டராகத்தான் வெளியே வந்தார்.

இப்போது என் கம்பெனியில் மேனேஜர் அறைக் கதவைத் தட்டிவிட்டு ஒரு நொடி காத்து நிற்பேன். "கம் இன்" என்று மட்டும்தான் கேட்கிறது. மார்க் போட ஆளில்லையே என்று இருக்கிறது.