கோயில் துடைப்பத்தோடு கம்பெனி வேனில்

முதலில் தப்பு பண்ணியது பக்கத்து வீட்டு ஏகாம்பரம். நான் இல்லை.

தொண்ணூத்தொண்ணுல அவர் வெள்ளாடு என் வேலியோரப் பூசணிக்காயை முழுசாகத் தின்றது. ஆட்டைப் பிடித்து என் வீட்டில் கட்டினேன். சும்மா கட்டவில்லை, தீனியும் போட்டேன்!

ஊர்க்கூட்டத்தில் ஏகாம்பரம் அதே ஆட்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். "பாருங்க, திருடி வெச்சுக்கினு எப்படிக் கொழுக்க வெச்சிருக்கான்!"

என் தீனியே எனக்கு எதிர்சாட்சி!

நாட்டாமை தீர்ப்புச் சொன்னார்: "தணிகாசலம், ஒரு வாரம் மாரியம்மன் கோயில் வாசலை நீதான் பெருக்கணும். ஒரு நாள் தவறினாலும், ஆடி மாசம் கூழ் ஊத்துற கரண்டி ஏகாம்பரம் கைக்குப் போயிடும்."

வருஷா வருஷம் அந்தக் கரண்டி என் கையில்தான். விடுவேனா? தினமும் பெருக்கினேன். எதிர் டீக்கடையில் உட்கார்ந்து ஏகாம்பரம் வேடிக்கை பார்த்தார்.

கடைசி நாள். பாதி வாசல்தான் முடிந்திருந்தது. கம்பெனி வேன் ஒன்று வந்து நின்றது. மேஸ்திரி தலையை நீட்டினார்.

"பெருக்குற ஆளா? ஏறுய்யா, ஷிப்டுக்கு நேரமாச்சு!"

"ஐயா, நான் தண்டனையில கீறேன்."

"நாங்க மட்டும் இன்னா, கல்யாணத்துக்கா போறோம்? ஏறு!"

மேஸ்திரிக்கே சந்தேகம் வந்து டீக்கடைப் பக்கம் திரும்பினார். "இன்னாபா, இவரு வேலைக்கு வர்ற ஆள்தானே?"

ஏகாம்பரம் டீயை ஒரு உறிஞ்சு உறிஞ்சினார். "ஆமாங்க, சூப்பரா பெருக்குவாரு. இட்டுனு போங்க!"

நாலு கை என்னைத் தூக்கி உள்ளே போட்டது. துடைப்பத்தோடு!

பென்னலூர் தாண்டி கம்பெனி. நீலச் சட்டை மாட்டிவிட்டார்கள். "சார், கோயில் வாசல் பாதியில கெடக்குது" என்று சூப்பர்வைசரிடம் கெஞ்சினேன்.

"கோயிலை சாமி பாத்துக்கும். நீ கேன்டீனைப் பாரு."

பார்த்தேன். கேன்டீனில் சுடச்சுட போண்டா போட்டார்கள். உண்மையைச் சொல்கிறேன், மூன்றாவது போண்டாவில் மாரியம்மனை மறந்துவிட்டேன். நான் பெருக்கிய தரையைப் பார்த்து சூப்பர்வைசர், "இந்த மாதிரி ஆளுதான்யா வேணும்! ஓ.டி. பண்ணுறியா?" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை!

சாயங்காலம் வேனிலிருந்து மகாராஜா மாதிரி இறங்கினேன். கோயில் வாசலில் ஊரே கூடி நின்றது.

"தண்டனையைப் போட்டுட்டு வேன்ல ஏறி ஓடிட்டாம்பா!" என்றார் ஏகாம்பரம். அனுப்பிவைத்த அதே வாய்!

நாட்டாமை என் கையைப் பார்த்தார். "கோயில் தொடப்பம் எங்கய்யா?"

ஐயோ! கேன்டீனிலேயே விட்டுவிட்டேன்.

"சரி, இந்தச் சட்டை யாருது?"

கழற்ற மறந்திருந்தேன்.

காலையில் வெறும் ஆட்டுத் திருடன். இப்போது துடைப்பமும் சட்டையும் சேர்ந்துகொண்டன.

ஆடி மாசம் கரண்டி ஏகாம்பரம் கையில். நான் சொம்போடு வரிசையில். ஊருக்கெல்லாம் முழுக் கரண்டி ஊற்றியவர், எனக்கு அரைக் கரண்டி ஊற்றிவிட்டு, "அடுத்த ஆளு வாங்க" என்றார்.

ஏகாம்பரம் எனக்குத் தரவேண்டிய பாக்கி: ஒரு பூசணிக்காய், மீதி அரைக் கரண்டி கூழ். ரெண்டும் இன்னும் வந்து சேரவில்லை.