மலர்க்கொடி வகைக் கோப்பு

"போட்டோ இருக்க வேண்டிய எடத்துல காதுகுத்துப் பத்திரிகை இருக்குதுய்யா. இதுக்கு எந்தக் காலேஜ்ல சீட்டு வாங்குறது?"

சுப்புராயன் அச்செடுத்த தாளைத் தூக்கிப் பிடித்தார். மீனவக் கிராமத்துப் பிள்ளைகளைக் கல்லூரியில் படிக்கவைக்கும் ஒரு சின்ன அறக்கட்டளையின் செயலாளர் அவர். அலுவலகம் சிதம்பரம் கீழ வீதியில். எதிரே நின்ற பாலகுமார் அங்கே கம்ப்யூட்டர் தெரிந்த ஒரே ஆள். இந்த 2009-லாவது விண்ணப்பத்தை வெப்சைட்டில் வாங்கலாம் என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டவனும் அவன்தான்.

"வெள்ளிக்கிழமை அஞ்சு மணிக்கு லிஸ்ட் சென்னையில பணம் குடுக்குறவுங்களுக்குப் போகணும். போட்டோ இல்லாத புள்ளைக்கு அவுங்க ஃபீஸ் கட்ட மாட்டாங்க. ஒரு புள்ள படிப்பு போச்சுன்னாலும் வெப்சைட்டும் வேணாம், நீயும் வேணாம்."

அன்று செவ்வாய். பாலகுமார் உடனே உட்கார்ந்து ஒரு சோதனை எழுதினான். விண்ணப்பிப்பவர் உட்கார்ந்திருக்கும் கம்ப்யூட்டரிலேயே, பிரவுசருக்குள்ளேயே ஓடுகிற குட்டிப் புரோகிராம் அது. கோப்பின் பெயரில் புள்ளிக்குப் பிறகு ஜேபிஜி என்று இருந்தால் படம், உள்ளே விடும். வேறெது இருந்தாலும் வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும்.

மறுநாள் காலையிலேயே போன் வந்தது. கடலூர் சோனங்குப்பத்து மீனவர் பச்சமுத்து, மகளுக்காகக் கடலுக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்டு பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்திருந்தார்.

"சார், எம்பொண்ணு மலர்க்கொடி போட்டோவ ஏத்துனா, 'மலர்க்கொடி வகைக் கோப்பு ஏற்கப்படாது'ன்னு வருது. எங்க வகைய ஏத்துக்க மாட்டீங்கன்னா முன்னாடியே சொல்லியிருக்கலாமில்ல? ஒரு நாள் பொழப்ப வுட்டுட்டு வந்து குந்தியிருக்கேன்."

பாலகுமாருக்கு அப்போதுதான் புரிந்தது. ஸ்டுடியோக்காரர் படத்துக்கு 'பி.மலர்க்கொடி' என்று இனிஷியலோடு பெயர் வைத்திருக்கிறார். சோதனையோ முதல் புள்ளியைப் பார்த்ததும் அதற்குப் பின்னால் இருப்பதைத்தான் கோப்பின் வகை என்று முடிவுகட்டிவிட்டது. இந்த ஊரில் இனிஷியல் இல்லாமல் யார் பெயர் எழுதுகிறார்கள்? நாள் தவறாமல் கே.பாலகுமார் என்று கையெழுத்துப் போடுகிறவனுக்கு அது தோன்றவில்லை. அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"அது உங்கள சொல்லலண்ணே, பேருக்கு நடுவுல இருக்குற புள்ளிய..."

"புள்ளி வைக்கலாமா, கூடாதா? ஒண்ணு சொல்லுங்க சார்."

பெயரால்தானே இவ்வளவு வம்பு, பெயரே வேண்டாம் என்று பாலகுமார் முடிவெடுத்தான். எல்லாரும் படத்துக்கு 'போட்டோ' என்று மட்டும் பெயர் வைக்க வேண்டும், வேறு பெயர் இருந்தால் சோதனை மறுத்துவிடும் என்று மாற்றினான். சாயங்காலத்துக்குள் நாற்பத்தொரு விண்ணப்பம் வந்துவிட்டது. அவன் நிம்மதியாக வீட்டுக்குப் போனான்.

வியாழக்கிழமை காலையில் சுப்புராயன் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"தம்பி, நாப்பத்தோரு எடத்துலயும் ஒரே மூஞ்சி. இந்தப் பையன் ஒருத்தனே நாப்பத்தோரு காலேஜ்ல படிக்கப் போறானா?"

ஒரே பெயரில் வந்த படங்கள் ஒன்றை ஒன்று அழித்து, கடைசியாக வந்த பையன் மட்டும் மிஞ்சியிருந்தான். பாலகுமார் நாற்பத்தொரு வீட்டுக்கும் போன் போட்டு மன்னிப்புக் கேட்டு, மறுபடி அனுப்பச் சொன்னான். பிறகு சோதனையை மூன்றாவது முறையாக மாற்றினான். ஒவ்வொருவரும் அவரவர் விண்ணப்ப எண்ணையே படத்துக்குப் பெயராக வைக்க வேண்டும். ஒருவர் எண் இன்னொருவருக்கு வராது. இனி எவன் குறை சொல்கிறான் பார்க்கலாம் என்று இருந்தது அவனுக்கு.

வெள்ளிக்கிழமை காலை, எதற்கும் இருக்கட்டும் என்று தன் படத்தையே ஏற்றிப் பார்த்தான். விண்ணப்ப எண்ணைப் பெயராக வைக்கச் சொன்னது. எண்ணைத் தேடினான். விண்ணப்பத்தை அனுப்பி முடித்த பிறகுதான் எண் வரும். அனுப்புவதற்கோ எண் வேண்டும்.

நேற்றிலிருந்து ஒரு பிள்ளைகூட உள்ளே வந்திருக்க முடியாது. மலர்க்கொடி வந்திருக்க முடியாது. அந்த நாற்பத்தொரு பேரையும் தானே கூப்பிட்டு மூடிய கதவில் முட்டவைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவனுக்கு அழுகை வந்தது. வேலை போவதைப் பற்றி அப்போது அவன் நினைக்கவே இல்லை.

திருத்தலாம் என்று கீபோர்டை இழுத்தான். சுப்புராயன் ஒரு கட்டுத் தாளோடு வந்து நின்றார். சிரித்துக்கொண்டிருந்தார்.

"நூத்திப் பன்னெண்டு! அத்தனையிலும் அவுங்கவுங்க மூஞ்சி. ரெண்டு காதும் தெரியுது. உன் செக்கிங்னா செக்கிங்தான்யா! இனிமே அதுல கைய வைக்காத."

"சார், அது வந்து..."

"வைக்காதன்னேன்!"

பாலகுமார் தாள்களைப் புரட்டினான். எழுபதாவதோ என்னவோ, மலர்க்கொடி ரெட்டைச் சடையோடு முறைத்துக்கொண்டிருந்தாள். அவனுக்கு அப்படியொரு ஆறுதல். ஆனால் எப்படி உள்ளே வந்தாள்? பச்சமுத்துவுக்கு போன் போட்டான்.

"அது நேத்தே போயிடிச்சி சார். பஸ் ஸ்டாண்டு கடையில திருப்பி வுட்டவுங்க எல்லாரும் இப்ப ஓ.டி.ல ஜோதிலட்சுமியக்கா கடையிலதான். க்யூ நிக்குது."

அடுத்த பஸ்ஸிலேயே கடலூர் பழைய டவுனான ஓ.டி.க்குக் கிளம்பினான். நாலே கம்ப்யூட்டர் உள்ள கடை. ஜோதிலட்சுமி திரையில் ஒரு பெண்ணின் படத்தைப் பெரிதாகத் திறந்துவைத்து, "காது மறையுது பாப்பா, முடிய ஒதுக்கிட்டு வேற எடுத்துட்டு வா" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

பாலகுமார் தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டான். "அந்த ஃபாரத்த எழுதுனது நான்தாங்க்கா. என் செக்கிங்க ஒருத்தராலயும் தாண்ட முடியாது. என்னாலயே முடியல. நீங்க மட்டும் எப்புடித் தாண்டுனீங்க?"

ஜோதிலட்சுமி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"செக்கிங்கா? பிரவுசர்ல ஓடுற புரோகிராம் எல்லாத்தையும், வெளம்பரம் குதிக்குது, தொல்ல ஜாஸ்தின்னு போன வருசமே நான் நிறுத்தி வச்சிட்டேனே. உங்க ஆபீஸ்ல எதையுமே செக் பண்ண மாட்டேங்குறாங்களேன்னுதான் தம்பி, ஒவ்வொரு மூஞ்சியா நானே பாத்து அனுப்பிக்கிட்டு இருக்கேன்."